டிராகனை நிப்பாட்டியவளுக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். தெருவே தூங்கிவிட்டது. பாப்பாவும் இப்போதுதான் கண்ணை மூடினாள். மூச்சு சரியாக வருகிறதா என்று அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் இன்னும் பலமுறை எழுந்து போவேன். நீ இருந்திருந்தால், "தூங்கற புள்ளையைத் தொட்டுத் தொட்டு எழுப்பிப்போடாதே அம்மணி" என்று சொல்லியிருப்பாய். கல்லூரியில் முதல் பரீட்சைக்கு நான் கை நடுங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து என்னை நீ அம்மணி என்றுதான் கூப்பிட்டாய். பேர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை.

எதிரில், கேம் ஆடுகிற உன் கன்ட்ரோலர் இருக்கிறது. நிறுத்தும் பட்டன்மேல் நீ பூசிய சிவப்பு நெயில் பாலிஷ் ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. பாப்பா கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற பருவம். அந்தச் செதில் வயிற்றுக்குள் போய்விடுமோ என்று பயந்து, இதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். இன்று சாயங்காலம்தான் இறக்கினேன். மூக்கருகில் கொண்டுபோனால் இன்னமும் காளான் மசாலா வாசம் லேசாக அடிக்கிறது. என் கணவரிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் வாசம்தான் வருது" என்றார். அவர் நம்மோடு வண்டிக்கடையில் நின்று சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்று நம் கேமுக்கு விமர்சனங்கள் வந்துவிட்டன. வந்ததும் போனை எடுத்து உன் பெயரைத் தேடியும்விட்டேன். நீ மெசேஜுக்குப் பதில் போடுவதற்குள் விடிந்துவிடும் என்று எப்போதும் திட்டுவேனே, அந்த எரிச்சல்கூட அப்படியே வந்தது. பிறகுதான் போனை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் செய்த முதல் கேமை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். படம் திக்குகிறது, எழுத்து தெரியவில்லை, அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். அதை உங்கள் சொந்தக்காரர் ஒருவர் போனில் தமிழாக்கி அவிநாசியில் உன் அம்மாவிடம் படித்தே காட்டிவிட்டார். அம்மாவுக்கு நம் வேலை என்னவென்று நீ ஏற்கெனவே விளக்கியிருந்தாய். கம்ப்யூட்டருக்காக வெளிநாட்டில் செய்த கேமை, டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிறோம், ஒருத்தர் தைத்த சட்டையைப் பிரித்து இன்னொருத்தர் உடம்புக்குத் தைப்பதுபோல என்று. பனியன் கம்பெனியில் மிஷின் மிதித்தவர், டக்கென்று பிடித்துக்கொண்டார். "அப்ப ஆல்டரேசன் கடைன்னு சொல்லு." அந்த விமர்சனத்தைக் கேட்டுவிட்டு அவர் வருத்தப்படவில்லை, கோபப்படவுமில்லை. "பிரிச்சுத் தெச்சது சரியில்லையா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் உன்னைக் குத்தியது. அடுத்த கேம் வந்து, பார்த்தவர்கள் நல்லாயிருக்கிறது என்று எழுதின பிறகுதான் அம்மாவுக்குக் காட்டுவேன் என்று சொன்னாய். கேமை அல்ல, கடைசியில் வேலை செய்தவர்கள் பெயர் ஓடுமே, அதில் உன் பெயரை. ஆகவே இன்று வந்தது வெறும் மதிப்பெண் இல்லை. உன் சொல்லை நான் உன் அம்மாவிடம் கொண்டுபோகலாமா கூடாதா என்பதும் அதில் இருந்தது. சாயங்காலத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கேமே உன் அம்மாவிடமிருந்துதான் ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றும். அவிநாசித் தேருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாய். மாற்றப்போகிற கேமை முதலில் நாம் ஆடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, உன் அறையில் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாள், மந்திரம், மலைமேல் ஒரு டிராகன், நடுநடுவே நீளமான கதைக் காட்சிகள். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கண்ணு, அரிசிம்பருப்புச் சோறு ஆறுது. வந்து உக்காருங்க."

"வாரேம்மா. இப்ப நிப்பாட்ட முடியாது."

"ஏன் முடியாது?"

"கதை ஓடிட்டிருக்குது. எந்திரிச்சா போயிரும். மறுக்கா பாக்க முடியாது."

அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். "அதென்ன நிப்பாட்ட முடியாத வெளையாட்டு? பஸ்ஸே கை காட்டுனா நிக்குது. உன்ற பொட்டி நிக்காதா?"

நாம் சிரித்தோம். தட்டில் நெய் ஊற்றும்போது நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். "அம்மா கேட்டது சரிதான் அம்மணி. கம்ப்யூட்டர்ல ஆடறவன் கதவைச் சாத்திட்டுத் தனியா ஆடுவான். டிவி நடு ஊட்டுல இருக்குது. சோத்துக்குக் கூப்புடுவாங்க, ஒறம்பரை சனம் வருவாங்க, பால் பொங்கும். கூப்புட்டா எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கோணுமில்ல?"

அடுத்த வாரமே, துடியலூர் தாண்டி நம் ஆபீஸில், பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய மில் குடோனில், அண்ணாவின் எதிரில் போய் நின்றாய். மில் குடும்பத்துப் பிள்ளை, அப்பாவிடம் சண்டை போட்டுக் கேம் கம்பெனி ஆரம்பித்தவர். முதலாளி என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அண்ணாதான். கேம் எந்த இடத்தில் இருந்தாலும், சண்டையோ கதையோ, ஒரு பட்டனை அமுக்கினால் அப்படியே நிற்க வேண்டும் என்றாய். அண்ணா நெற்றியைத் தேய்த்தார்.

"ஏனுங்க, ஒரிஜினல்லயே இல்லாததை நாம எதுக்குங்க செய்யோணும்? சட்டையைத்தானுங்க பிரிச்சுத் தைக்கச் சொன்னாங்க. பாக்கெட் வெக்கச் சொன்னாங்களா?"

"பாக்கெட் இல்லாத சட்டையை எங்கம்மா வாங்க மாட்டாங்கண்ணா."

அவர் சிரித்துவிட்டார். அதோடு அந்த வசதிக்கு ஆபீஸில் 'நிப்பாட்டு' என்றே பெயர் விழுந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு பேசும்போதுகூட, கேமை ஆடிப் பிழை பார்க்கிற நம் கதிர் வாய் தவறி நிப்பாட்டு என்பான். அவர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

காரமடையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற கதிர், நம் டெஸ்டர்களிலேயே கெட்டிக்காரன், உன்னிடம் கொஞ்சம் புரோகிராமும் கற்றுக்கொண்டிருந்தான். பட்டனை அமுக்குவான், நிற்கும். மறுபடி அமுக்குவான், ஓடும். சரி என்று குறித்துக்கொள்வான். நானும் அப்படித்தான் பார்த்தேன், எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம். ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. உனக்குத்தான் அது உறுத்தியது. நெயில் பாலிஷை எடுத்து எல்லாக் கன்ட்ரோலரிலும் அந்தப் பட்டனைச் சிவப்பாக்கினாய். "இதை அமுத்துனா எந்திரிச்சுப் போகோணும். உக்காந்துட்டே அமுத்தி அமுத்திப் பாத்தா அது டெஸ்டிங் இல்ல, டைப்பிங்" என்றாய். நீ வந்து யார் கன்ட்ரோலரில் சிவப்பை அமுக்கினாலும் அவர்கள் உன்னோடு டீக்கடைக்கோ காளான் வண்டிக்கோ வந்தாக வேண்டும் என்பது அந்தக் குடோனின் சட்டமானது. அண்ணாவுக்கு முதலில் இது வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற வழியாகத்தான் பட்டது.

டிராகன் செத்த நாளை, இல்லை, டிராகன் கொன்ற நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கதிர் மலை உச்சிக்குப் போய்விட்டான். டிராகன் நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது, அது விழப்போகிறது, பின்னாலிருந்து நீ போய்ச் சிவப்பை அமுக்கினாய்.

"ஐயோ அக்கா! இன்னும் ஒரே அடிதானுங்க!"

"டிராகன் எங்கயும் போகாது. வா, காளான் ஆறிப்போயிரும்."

திரும்பி வந்து பார்த்தால், டிராகன் சிலைபோல நிற்கிறது. அதன் காலடியில் நம் வீரன் கருகிக் கிடக்கிறான். கதிர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏனுங்க்கா, நான் உசுரோட உட்டுட்டுத்தானுங்க போனேன்!"

சத்தம் கேட்டு அண்ணா வந்தார். "யாருங்க கொன்னது?"

"யாரும் கொல்லலீங்ணா. நிப்பாட்டித்தான் வெச்சிருந்தோம். அவனாச் செத்துப்போயிட்டான்" என்றான் கதிர்.

நீ கை தட்டிச் சிரித்தாய். பிறந்தநாளுக்குக்கூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நீ உட்கார்ந்து புரோகிராமைத் தோண்டினாய். டிராகனும் வீரனும் ஒரு கடிகாரத்தில் ஓடினார்கள். நெருப்பு மட்டும் தனக்கென்று வேறொரு கடிகாரம் வைத்திருந்தது. டிராகன் நின்றாலும் நெருப்பு நிற்கவில்லை. அமுக்கி உடனே எடுத்தால் அது தெரியாது, டீ குடித்துவிட்டு வந்தால்தான் தெரியும். நெருப்பைப் பிடித்த பிறகு மழை, மழைக்குப் பிறகு கதைக் காட்சிகளில் பேச்சுக் குரல். வாய் மூடியிருக்கும், குரல் பேசிக்கொண்டே போகும். ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து ஒரே கடிகாரத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்தினாய்.

அண்ணா அன்றிலிருந்து தானும் சிவப்பை அமுக்கிவிட்டு டீக்கு வந்தார்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. ரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் மறுபடி பரிசோதிக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உனக்குத் தெரியாததா. அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் நான் என் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உன் கட்டிலருகில் உட்கார்ந்திருப்பேன். நீ கையடக்கமான பெட்டியில் யாரோ செய்த கேம் ஒன்றை ஆடிக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருப்பாய். "பாரு அம்மணி, சிஸ்டர் ஊசியோட நிக்கறாங்க. இருங்க, கதை முடியட்டும்னா உடுவாங்களா? இதைச் செஞ்சவனுக்கு ஒரு ஊசி போட்டாத் தெரியும்."

ஆபீஸில் அப்போதுதான் நெருக்கடி. கேமின் சொந்தக்காரர்கள், ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது, கதைக் காட்சிகளில் நிப்பாட்டு வேண்டாம், அதற்கு ஆகும் நேரத்தில் தரையில் புல்லை அடர்த்தியாக்குங்கள், விமர்சகர்கள் முதலில் பார்ப்பது படத்தைத்தான் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டிக்குச் சக்தி குறைவு. படம் திக்காமல் ஓடுவதற்காகத் தூரத்துப் புல்லை நாம்தான் குறைத்திருந்தோம். நான் உன்னிடம் கேட்க வந்தேன். நீ தலையணையில் சாய்ந்தபடி சொன்னாய்: "சண்டையை வேணா உட்டுக்குடு. சண்டைல செத்தா மறுக்கா ஆடிக்கலாம். கதையை உட்டுக்குடுக்காதே. அது போனா போனதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாய். "கடைசில பேரு ஓடறப்பவும் நிக்கோணும்."

"அதை யாருடி நிப்பாட்டிப் பாக்கப்போறா?"

"எங்கம்மா. இங்கிலீசுல அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சது எம்பேரு மட்டுந்தான். ரேங்க் கார்டுல பாத்துப் பாத்துப் படிச்சது. அவங்க கண்ணாடி எங்க வெச்சேன்னு தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள பேரு மேல போயிரும்."

பேசவே பயப்படுகிற நான் அவர்களோடு நடந்த மீட்டிங்கில் பேசினேன். வெளிநாட்டுக்காரர்களின் முகங்கள் திரையில் வரிசையாக இருந்தன. புல் இல்லையென்றால் ஒருவர் குறை சொல்வார், கதை போய்விட்டால் அவர் பெட்டியையே மூடிவிடுவார் என்றேன். நீ பேசுவதுபோலவே பேசினேன் என்று அண்ணா பிறகு சொன்னார். சண்டையிலும் கதையிலும் நிப்பாட்டு இருக்கட்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். உன் அம்மாவின் கண்ணாடிக் கதையைச் சொல்லிக் கேட்டும், பெயர் ஓடுகிற இடத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நேரமில்லை என்றார்கள். அண்ணாவும் அங்கேயே பட்டியலில் அதை அடித்துவிட்டார். உன்னிடம் அதைச் சொன்னபோது, "பரவால்ல உடு, அம்மாவை முன்னாடியே கண்ணாடி போட்டுட்டு உக்காரச் சொல்லலாம்" என்றாய். கேமை முடித்து அனுப்பினோம். பாப்பா பிறப்பதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

பிரசவ விடுப்பில் கிளம்பிய அன்று அண்ணா இந்தக் கன்ட்ரோலரை என் பையில் போட்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றார்.

இனி இன்றைக்கு நடந்தது. விமர்சகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வெளியிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர்களுக்கு அது காலை, நமக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கதிரின் குரல் மெசேஜ். "அக்கா, மனசைத் தேத்திக்கோங்க. புல்லைப் பத்தி வெஞ்சிருக்கானுங்க. வெள்ளாடு மேஞ்ச காடாட்டம் இருக்குதுன்னு." வெள்ளாடு கதிர் சேர்த்தது, நான் போய்ப் பார்த்தேன். தரை மொட்டையாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் மீட்டிங்கில் பேசியது தப்போ? என் பேச்சைக் கேட்டு எல்லோரும் கெட்டார்களோ?

அடுத்ததையும் பயந்துகொண்டே திறந்தேன். அதிலும் புல் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வரியில், படம் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை, எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு எழுந்து போக முடிகிறது, கம்ப்யூட்டரில் இல்லாத நிம்மதி இதில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவதிலும் அது. வேறொன்றில், பைக்குள் இருக்கிற ஆயுதப் பட்டியலின் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று திட்டிவிட்டு, நிப்பாட்டைப் பற்றி ஒரு முழுப் பத்தி. நான் படிக்கப் படிக்க என் கணவர் பாப்பாவை வாங்கிக்கொண்டார். நான் அழுவதைப் பார்த்து, "கிழிச்சுப்போட்டானுங்களா?" என்று பயந்து கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒருவர் எழுதியதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கடைசிச் சண்டையின் நடுவில் அவருடைய கைக்குழந்தை அழுததாம். நிறுத்திவிட்டு எழுந்து போய், பால் புகட்டி, தூங்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தாராம். டிராகன் வாயைத் திறந்தபடி, நெருப்பு பாதி வழியில் நின்றபடி, அவருக்காகக் காத்திருந்ததாம். இதைச் செய்த ஆட்களில் யாரோ ஒருவர் வீட்டில் கட்டாயம் சின்னக் குழந்தை இருக்கிறது என்று முடித்திருக்கிறார்.

இல்லை என்று அவருக்கு எழுத வேண்டும்போல இருந்தது. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, குழந்தையும் இல்லை, சோறு ஆறுகிறது என்று கூப்பிட்ட ஒரு அம்மா இருந்தார், அவ்வளவுதான் என்று. எழுதவில்லை. ஒரு விமர்சனத்திலும் நம் கம்பெனியின் பெயர் கிடையாது. "நம்ம வேலை நல்லாருந்தா ஒருத்தனுக்கும் நம்ம பேரு தெரியாது அம்மணி, மோசமாருந்தாத்தான் தேடிக் கண்டுபுடிப்பான்" என்று நீ சொல்வாய். இந்த முறை ஒருவரும் தேடவில்லை. முதல் கேமுக்குத் தேடினார்கள், நினைவிருக்கிறதா? எனக்கு அந்தப் பெயரில்லாத பாராட்டு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது.

எல்லோரும் தூங்கிய பிறகு, ஆபீஸில் கொடுத்திருந்த கேமை எங்கள் வீட்டு டிவியில் சத்தமில்லாமல் போட்டேன். ஆட எனக்குப் பொறுமையில்லை. முகப்பிலேயே பெயர்களைத் தனியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறதே, அதைத் திறந்தேன். உலகத்தில் உள்ளவர்கள் பெயரெல்லாம் போனது. படம் வரைந்தவர்கள், பாடியவர்கள், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள். கடைசியில் நாம் வந்தோம். அண்ணா, கதிர், நான். பிறகு நீ, ஒரு நொடி. விரல் பழக்கத்தில் சிவப்பை அமுக்கிவிட்டது. அங்கே அது வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும், நான்தானே விட்டுக்கொடுத்தேன்.

நின்றது.

கதிருக்குப் போன் போட்டேன். அவனும் தூங்காமல் விமர்சனங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தான். யார் இதைப் போட்டது என்று கேட்டேன். "அண்ணாங்க்கா" என்றான். "கேமை முடிச்சு அனுப்பறதுக்கு முந்தின நாளு வந்து, அவங்களுக்குத் தெரிய வேண்டாம், செஞ்சுபோடுன்னாருங்க. பேரு ஓடறதை எவனுங்ணா நிப்பாட்டிப் பாப்பான்னு கேட்டேன். ஒரு அம்மா பாப்பாங்கடா, உன்ற வேலையைப் பாருன்னு வெஞ்சுபோட்டாருங்க."

உன் சட்டப்படி, அமுக்கினால் எழுந்து போக வேண்டும். போனேன். பாப்பாவின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், நனைந்த துணியை மாற்றினேன், புரண்டு அழுதவளைத் தட்டித் தூங்கவைத்தேன். முன்பெல்லாம் அவள் அழுதால் கையில் இருக்கிற வேலை கெட்டுப்போகுமே என்ற பதற்றத்தோடுதான் ஓடுவேன். இன்று அந்தப் பதற்றம் இல்லாமல் போனேன். திரும்பி வந்தபோது உன் பெயர் அதே இடத்தில் இருந்தது. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எதிரில் அப்படியேதான் இருக்கிறது. நான் இன்னும் ஓடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாப்பாவையும் எடுத்துக்கொண்டு அவிநாசிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பார்த்தவர்கள் நல்லாயிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள், உன் சொல் நிறைவேறிவிட்டது. அம்மா கண்ணாடியை எங்கே வைத்தார் என்று நிதானமாகத் தேடட்டும். ஆனால் டிவியில் உன் பேரின் மூன்று எழுத்தைப் பார்த்தால் அவர் என்ன ஆவார் என்றுதான் எனக்குப் பயம். சந்தோஷப்படுவாரா, தாங்காமல் உடைந்துபோவாரா? இப்போதே காட்டட்டுமா, கொஞ்ச நாள் போகட்டுமா? எனக்குத் தெரியவில்லை, உனக்குத்தான் உன் அம்மாவைத் தெரியும். சீக்கிரம் பதில் போடு.